தமுக்கு அடிச்சவன் பேத்தி விளம்பரம் படிக்கட்டும்

தங்கச்சி மகள் பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டாள். வேடசந்தூர்ப் பக்கம் காலனி வீடு. ரிசல்ட் வந்த மறுநாளே வீட்டில் பஞ்சாயத்து. டீச்சருக்குப் படிக்க வை என்கிறது ஒரு தரப்பு. நர்ஸுக்குப் போட்டால் எங்கே போனாலும் சோறு உண்டு என்கிறது இன்னொரு தரப்பு. போலீஸ் செலக்சனுக்கு ஓடச் சொல்லு என்கிறான் பெரியப்பன் மகன். அவள் மட்டும் ஒரே பிடியாக நிற்கிறாள்.

"மாமா, நான் விஸ்காம் படிக்கப்போறேன். விளம்பரத்துறைக்குப் போகணும். நீங்கதான் அம்மாகிட்டச் சொல்லணும்."

தங்கச்சிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வெளம்பரத்துக்கு ஒரு படிப்பாண்ணே? செவுத்துல போஸ்டர் ஒட்டுறதுக்கு மூணு வருசம் காலேசா? எங்கப்பன் அடிச்ச தமுக்கு பத்தாதா, இவ வேற அடிக்கணுமா?"

கோபத்தில் சொன்னாலும் தங்கச்சி சொன்னது சரியான வார்த்தை. நான் இதை எழுதுவதே அந்த வார்த்தையினால்தான்.

எங்க அய்யா ஊருக்குத் தமுக்கு அடிச்சவர். கோயில் சாட்டு, கண்மாய் ஏலம், வரி கட்டக் கடைசி நாள், எழவுச் சேதி எல்லாம் அவர் தொண்டை வழியாகத்தான் ஊருக்குள் போகும். ஊர்த் தெருவுக்குள் நுழையுமுன் செருப்பை வேலியோரம் விட்டுவிடுவார். முக்குக்கு முக்கு நின்று, சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால் என்று ஆரம்பிப்பார். ஏலம் என்று கத்துவார். ஏலத்தில் போய் நிற்க முடியாது. திருவிழா என்று சாட்டுவார். கோயிலுக்குள் போக முடியாது. சேதி ஊர்ப் பெரியதனக்காரனுடையது. தொண்டை மட்டும் நம்முடையது. கூலி என்ன? அறுப்பு முடிந்து களத்தில் அளந்து போடும் சோளம். அதுவும் அவன் மனசு வைத்தால்.

இந்தத் தண்டோராவைக் கைவிடச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குத் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எழுதியது 2022 ஆகஸ்டில். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதாதா என்பது அவர் கேட்ட நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க அரசாங்கத்துக்கு 2022 ஆகிவிட்டது. எங்க அய்யா அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்.

ஆக, தோழர்களே, விளம்பரத் தொழிலுக்கு நாம் ஒன்றும் புதுசு இல்லை. இந்த மண்ணின் முதல் விளம்பரக்காரனே நாம்தான். ஆனால் சேதியைச் சுமக்க விட்டார்களே தவிர எழுத விடவில்லை. இன்றைக்கும் அதே கதைதான். திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தைச் சுற்றி ராத்திரி ரெண்டு மணிக்குப் பசை வாளியோடு அலைகிறவன் யார்? பிளக்ஸ் கட்டச் சாரத்தில் ஏறுகிறவன் யார்? சுவருக்கு வெள்ளையடித்து எழுத்துக்கு இடம் பண்ணுகிறவன் யார்? கேட்டுப் பாருங்கள், தெரியும்.

விளம்பரம் என்றால் பொருளைப் பற்றிப் புளுகுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதிதான். விளம்பரத்தின் அடிப்படை வேலை, பேர் வைப்பது. எந்தப் பேருக்கு மதிப்பு, எந்தப் பேருக்கு அருவருப்பு என்று முடிவு செய்வது. காலேஜில் பிராண்டு என்று பாடம் நடத்துவார்கள். பாடம் நடத்துமுன் டவுனில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே போதும். அய்யங்கார் பேக்கரி. அய்யர் மெஸ். கோனார் மெஸ். செட்டிநாடு ஓட்டல். கேரளத்தில் 'பிராமின்ஸ்' என்றே பேர் வைத்துச் சாம்பார்ப் பொடி விற்றார்கள். 2023இல் விப்ரோ கம்பெனி அதை வாங்குவதாக அறிவித்தது. சாதிப் பேர் அங்கெல்லாம் சுத்தம், ருசி, நம்பிக்கை என்று அர்த்தமாகிறது. காசாகிறது. நம்ம சாதிப் பேரை எழுதி ஒரு மெஸ் போர்டைத் தொங்கவிட முடியுமா? மறுநாள் போர்டும் இருக்காது, மெஸ்ஸும் இருக்காது. கைப்பக்குவம் எல்லாம் ஒன்றுதான். பேர்தான் வேறு.

இந்தச் சூட்சுமத்தை நம் முன்னோர்கள் அப்போதே பிடித்துவிட்டார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பேர் 'பறையன்'. எந்தச் சொல்லைச் சொல்லி இவர்களை ஏசினார்களோ அதையே தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டார். அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது நடந்தது இன்னொரு பாடம். பத்திரிகை வருகிறது என்று ஒரு விளம்பரம் போடுங்கள், காசு தருகிறோம் என்று திலகரின் 'கேசரி'யைக் கேட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு போடக்கூட 'கேசரி' மறுத்துவிட்டது. சந்தையில் எல்லார் காசும் ஒரே காசு என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அது எந்தச் சந்தை?

நம் காலத்திலும் ஆள் இருக்கிறார்கள். 2016இல் சந்திரபான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்று பேர் போட்டு மசாலாவும் ஊறுகாயும் விற்கத் தொடங்கினார். மும்பையில் சுதீர் ராஜ்பர், வசவாக இருந்த 'சமார்' என்ற சொல்லையே எடுத்துச் 'சமார் ஸ்டுடியோ' என்று வைத்தார். அந்தப் பேர் போட்ட பைகளை இன்று பெரிய இடத்துக்காரர்கள் தோளில் மாட்டுகிறார்கள். நம் பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று கால் வெந்துபோன சனங்களை நினைத்துக்கொள்கிறேன். ஷூ விளம்பரத்தில் தோல் மணக்கிறது. தோலைப் பதப்படுத்தினவன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் நாறுகிறது. இந்த மணத்தையும் நாற்றத்தையும் பிரித்து வைத்தது மூக்கு இல்லை. சாதி. அதற்கு மெருகு போட்டது விளம்பரம்.

இனி தங்கச்சி கதைக்கு வருகிறேன். மகள் விளம்பரம் என்றதும் அவளுக்கு ஏன் அத்தனை ஆத்திரம் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

2000களின் தொடக்கத்தில் திண்டுக்கல் சமவெளி முழுக்க ஒரு நோட்டீஸ் சுற்றியது. மில்லுக்குப் பெண்கள் தேவை. மூன்று வருசம் வேலை. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, டி.வி. வசதி. முடித்து வரும்போது கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். சிரித்த முகத்தோடு பாவாடை தாவணியில் ஒரு பெண் படம். சுமங்கலித் திட்டம் என்றார்கள், திருமகள் திட்டம் என்றார்கள், மாங்கல்யம் என்றார்கள். பேரைப் பாருங்கள்! கூலி என்று ஒரு இடத்தில்கூட வராது. தாலி என்றுதான் வரும்.

தங்கச்சிக்கு அப்போது பதினாறு வயசு. நோட்டீஸை வீட்டில் படித்துக் காட்டியதே நான்தான். முப்பதாயிரம் என்று போட்டிருந்தது. அய்யா அவ்வளவு பணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அனுப்பி வைத்தோம். காம்பவுண்டுக்குள்ளேயே விடுதி. வெளியே விடமாட்டார்கள். மாசம் ஒருநாள் பெற்றவர்கள் போய்ப் பார்க்கலாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பஞ்சுத் தூசி. இரண்டரை வருசத்தில் இருமிக்கொண்டு திரும்பினாள். மூன்று வருசம் முடியவில்லை, ஆகவே மொத்தப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஒருத்தி கதை இல்லை இது. தமிழ்நாட்டு மில்களைப் பற்றி 2011இல் வெளிநாட்டு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையே இந்த நிலைமையை எழுதியது. அப்படிப் போன பெண்களில் பெரும்பகுதி நம் சாதிப் பெண்கள் என்பதையும் எழுதியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் இதுவரை ஓடிய விளம்பரங்களிலேயே பெரிய வெற்றி அந்த நோட்டீஸ்தானே? எவனோ ஒருவன் உட்கார்ந்து அதை எழுதியிருக்கிறான். நம் வீட்டை நன்றாகத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறான். வரதட்சணைப் பயம் தெரிந்திருக்கிறது. வயசுக்கு வந்த பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுக் கூலிக்குப் போகிற தாயின் பயம் தெரிந்திருக்கிறது. எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. நான் பி.ஏ. படித்தவன். அந்த நோட்டீஸில் என்ன இல்லை என்று படிக்க எனக்குத் தெரியவில்லை. விளம்பரம் படிப்பது என்றால் விளம்பரத்தை வாசிக்கப் படிப்பதும்தான். அன்றைக்கு நம் தெருவில் அப்படிப் படித்தவர் ஒருத்தர் இருந்திருந்தால் தங்கச்சி நெஞ்சு இன்றைக்கு இப்படி இழுக்காது.

விளம்பரக்காரர்கள் மனிதர்களை எப்படி வகை பிரிக்கிறார்கள் தெரியுமா? 2011இல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். இரண்டே கேள்வி. வீட்டில் அதிகம் சம்பாதிக்கிறவர் எதுவரை படித்திருக்கிறார்? பதினொரு பொருளில் எத்தனை வீட்டில் இருக்கிறது? கரண்டு, ஃபேன், கேஸ் அடுப்பு, டூவீலர், டி.வி., ஃபிரிட்ஜ், கார், ஏ.சி. என்று போகும் அந்தப் பட்டியலில் விவசாய நிலமும் ஒன்று. அதை வைத்து ஏ1 முதல் ஈ3 வரை பன்னிரண்டு படி. சாதியைக் கேட்கவே மாட்டார்கள். நிலத்தைக் கேட்பார்கள், படிப்பைக் கேட்பார்கள். ரெண்டும் யாருக்கு மறுக்கப்பட்டது? ஏணியின் அடிப்படியில் யார் நிற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மேல்படிக்காரனுக்குக் கார் விற்கிறார்கள், ஆசை விற்கிறார்கள். கீழ்ப்படிக்காரனுக்கு சாஷே பாக்கெட் விற்கிறார்கள், பயம் விற்கிறார்கள்.

எழுதுகிற மேஜையில் நாம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். 2020இல் கொரோனா நேரத்தில், வேலைக்காரப் பெண் கையால் மாவு பிசைய விடலாமா, கையில் தொற்று இருக்கலாமே என்று கேட்டு மாவு பிசையும் எந்திரத்துக்கு விளம்பரம் போட்டது கெண்ட் நிறுவனம். எதிர்ப்பு வந்ததும் எடுத்தது. 2023 ஜூனில் உலகச் சுற்றுச்சூழல் நாளுக்கு ஜொமாட்டோ ஒரு படம் விட்டது. 2001இல் வந்த 'லகான்' படத்தில் 'கச்ரா' என்று ஒரு தலித் பாத்திரம். கச்ரா என்றால் குப்பை. அதே நடிகரை வைத்து, குப்பையை மறுசுழற்சி செய்யலாம் என்று சொல்ல, அந்த மனிதனையே விளக்காக, மேஜையாக, துண்டாக ஆக்கிக் காட்டினார்கள். தலித் இயக்குநர் நீரஜ் கைவான் வெளிப்படையாகக் கண்டித்தார். தேசிய தாழ்த்தப்பட்டோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. புண்படுத்தும் நோக்கம் இல்லை என்று சொல்லிப் படத்தை எடுத்துவிட்டார்கள்.

நோக்கம் இல்லை என்பதை நான் நம்புகிறேன். அதுதான் கேவலமே. ஒரு விளம்பரப் படம் எத்தனை மேஜையைத் தாண்டி வருகிறது? யோசனை சொன்னவர், எழுதினவர், ஏஜென்சி மேலாளர், கம்பெனிக்காரர், டைரக்டர், எடிட்டர். இத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூட உறுத்தவில்லை. சாதியை வைத்து யாரையும் இழிவுபடுத்தக் கூடாது என்று 1994 கேபிள் டி.வி. விதியில் எழுதியிருக்கிறது. விளம்பரத் தரக் கவுன்சிலின் நெறியிலும் எழுதியிருக்கிறது. எழுதி என்ன? இது இழிவு என்று தெரிவதற்கே அந்த மேஜையில் ஒரு ஆள் வேண்டுமே. பத்திரிகை, டி.வி. செய்தி அறைகளில் 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் கணக்கெடுத்தன. 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதியாரிடம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. செய்தி அறையில் இந்த லட்சணம் என்றால் விளம்பர அறையைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் இயக்கத் தோழர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "முதலாளிக்குப் பொய் எழுதிக் கொடுக்க நம்ம பிள்ளையா தோழர் வேணும்?" என்று கேட்டார். லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. 1975இலிருந்து 2020 வரை 'ஃபேர் அண்டு லவ்லி' என்ற பேரில் கறுப்புத் தோலுக்கு வெட்கத்தை விற்றார்கள். பேரைத்தான் மாற்றினார்கள், டியூப் இன்னும் கடையில் இருக்கிறது. என் மருமகள் நல்ல கறுப்பு. நாளைக்கு அவள் மேஜைக்கே அப்படி ஒன்று வரும். "வந்தா என்ன புள்ள செய்வே?" என்று அவளையே கேட்டேன். "எழுதமாட்டேன்னு இப்பச் சொல்றது சுலபம் மாமா. வாடகை கட்ட வேண்டிய மாசத்துல வந்தாத்தான் தெரியும்" என்றாள். பெரிய வீராப்புப் பதிலைவிட இது எனக்குப் பிடித்தது.

அமெரிக்காவில் டாம் பரல் என்று ஒரு கறுப்பர். 1961இல் சிகாகோவில் விளம்பர ஏஜென்சி ஒன்றின் தபால் அறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1971இல் சொந்த ஏஜென்சி தொடங்கினார். கறுப்பர்களை வெள்ளைக்காரர்களின் நகலாக நினைத்து விளம்பரம் எடுக்காதே என்று பெரிய கம்பெனிகளுக்குப் பாடம் நடத்தினார். கறுப்புக் குடும்பத்தை அன்பான குடும்பமாகத் திரையில் காட்டினார். அவரும் கோக்கும் பர்கரும்தான் விற்றார், மறைக்கவில்லை. ஆனால் கறுப்பரை மட்டம் என்று நம்ப வைத்ததே அமெரிக்காவின் மிகப்பெரிய விளம்பரம் என்று, தொழிலின் சூத்திரத்தை உடைத்துப் பிற்காலத்தில் புத்தகமே எழுதினார். உள்ளே போய் வந்தவரால்தான் அது முடிந்தது.

தோழருக்கு என் இன்னொரு பதில் நம்ம திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் இந்த மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. ஆலை வாசலோடு நிற்கவில்லை. அந்தத் துணியை வாங்கி விற்கிற எச் அண்டு எம், கேப், பி.வி.எச். கம்பெனிகளின் வாசல் வரை சேதி போனது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்டு எம்மோடும் ஒப்பந்தம். மற்ற இரண்டும் பிறகு சேர்ந்தன. பாலியல் வன்முறை, சாதிப் பாகுபாடு ரெண்டையும் தடுக்க, வேலை பார்க்கிற பெண்களையே கண்காணிப்பாளர்களாக வைக்க ஒத்துக்கொண்டார்கள். திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே உலகத்தில் அதற்குப் பேர். கோடி கோடியாகக் கொட்டி விளம்பரத்தில் வளர்த்த பேர், எங்கே தட்டினால் வலிக்கும் என்று விஸ்காம் படிக்காத நம் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. படித்தும் தெரிந்துகொண்டால்?

சரி, படிப்பதென்றால் எப்படி? கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டாதீர்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பு வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது. இடஒதுக்கீடும் உண்டு. வரையத் தெரிய வேண்டும், அதற்கு இப்போதே பழகணும். தனியார் கல்லூரிதான் என்றால் அரசாணை எண் 92, 2012 என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போங்கள். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் நம் பிள்ளைகள் சுயநிதிப் பிரிவில் படித்தாலும் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்க வகைசெய்த ஆணை அது. ஆபீஸ் ரூமில் அப்படியொன்று கிடையாது என்பார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் எந்த ஆணையும் பணம் தராது. இந்தப் படிப்பில் ஏழைப் பிள்ளை விழுகிற பள்ளம் அதுதான்.

பட்டத்தைப் பார்த்து இந்தத் துறையில் வேலை தர மாட்டார்கள். செய்த வேலையைக் காட்டச் சொல்வார்கள். போர்ட்ஃபோலியோ என்பார்கள். அதை முதல் வருசத்திலேயே தொடங்க வேண்டும். கோக்குக்கும் காருக்கும் பண்ணினதையே பண்ணிக்கொண்டு போகாதே, திண்டுக்கல் பூட்டுக்குப் பண்ணு, சின்னாளபட்டிச் சுங்குடிக்குப் பண்ணு என்று மருமகளிடம் சொன்னேன். நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவளுக்கு மதிப்பு உண்டு. இந்தியில் யோசித்ததைத் தமிழில் பெயர்த்து நாராசமாக்கிப் போடுகிற விளம்பரங்களைத் தினமும் பார்க்கிறோமே! கூடவே இங்கிலீஷையும் விடக்கூடாது. பேரம் அதில்தான் நடக்கிறது.

படித்தவுடன் கதவு திறந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். டவுனில் பிளக்ஸ் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவனைத் தெரியும். விஸ்காம் முடித்துவிட்டுச் சென்னையில் எட்டு மாசம் அலைந்தவன். சம்பளமில்லாத பயிற்சி. எந்த ஊரு, எந்தத் தெரு, வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று வாடகை வீட்டிலும் கேள்வி, ஆபீஸிலும் கேள்வி. திரும்பி வந்துவிட்டான். இப்போது ஆண்ட பரம்பரை என்று எழுதிச் சிங்கத்தை நிறுத்துகிற பேனரை அவன்தான் டிசைன் செய்கிறான். "எழுத்துப் பிழை இல்லாமப் போட்டுக் குடுக்குறேண்ணே, நம்ம கவுரவம் அவ்வளவுதான்" என்றான். திறமையில் குறையில்லை. கைகொடுக்க உள்ளே ஒரு ஆள் இல்லை.

ஆகவே கோரிக்கையும் வைப்போம். அரசு விளம்பரம் நம் வரிப்பணம். அந்த வேலையை எடுக்கிற ஏஜென்சிகள் தங்களிடம் எத்தனை தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் எழுதும் இடத்திலும் வரையும் இடத்திலும் இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டட்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கட்டும். கர்நாடகத்தில் அரசுப் பணி ஒப்பந்தங்களில் ஒதுக்கீடு சட்டமாகியிருக்கிறது. சாலை போட ஒதுக்கீடு உண்டென்றால் சேதி எழுத ஏன் கூடாது? தாட்கோ தையலுக்கும் டிரைவிங்குக்கும் பயிற்சி கொடுக்கிறதே, நம் பிள்ளைக்குக் கேமராவும் கொடுக்கட்டும். துறைக்குள் ஏற்கெனவே நுழைந்து, ஊர்ப் பேரைச் சொல்லாமல் ஒதுங்கி இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயம் புரிகிறது. சாதியைச் சொல்ல வேண்டாம். பின்னால் வருகிற பிள்ளைக்கு ஒரு போன் நம்பர் கொடுங்கள், போதும்.

போன வாரம் தங்கச்சி டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய மில் நோட்டீஸை எடுத்து மகள் கையில் கொடுத்திருக்கிறாள். இத்தனை வருசமாக ஏன் வைத்திருந்தாள் என்று எனக்கும் தெரியாது. மருமகள் அதை மேஜையில் விரித்து வைத்து, பக்கத்தில் வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். அதே அளவு, அதே எழுத்து. எத்தனை மணி நேர வேலை, எத்தனை நாள் வெளியே விடமாட்டோம், பாதியில் போனால் என்ன கிடைக்காது என்று, அவன் விட்டதையெல்லாம் சேர்த்து. அம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். போர்ட்ஃபோலியோவில் முதல் பக்கம் இதுதானாம்.

அப்ளிகேஷன் போட்டாச்சு. தங்கச்சி இன்னும் முழுமனசாச் சம்மதிக்கவில்லை. ஆனால் அந்த நோட்டீஸில் ஒரு வரியை மட்டும் அவளே திருத்திச் சொன்னாள். "மூணு வேளைச் சாப்பாடுன்னு போடாதடி. என்ன சாப்பாடுன்னும் போடு."